குடிக்காதவரின் கல்லீரல்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின், மதரஸாவில் ஓதும் ஒரு பிள்ளையின் தாயார் என்னிடம் ஒரு விளக்கம் கேட்டு வந்தார். அவருடைய கணவர் பல்லாண்டுகள் வளைகுடாவில் உழைத்து ஊர் திரும்பியவர். ஜமாஅத் தொழுகையைத் தவறவிடாதவர். வேறு ஏதோ காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில், அவருடைய கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதாகத் தெரியவந்தது. அந்த அறிக்கையை அவர் மனைவியிடம் காட்டாமல் அலமாரியில் மறைத்து வைத்திருந்தார். அது தற்செயலாகக் கைக்குக் கிடைத்தபோது அந்தச் சகோதரி கலங்கிப் போனார். "உஸ்தாதே, கல்லீரல் கெடுவது குடிகாரர்களுக்குத்தானே? வெளிநாட்டில் இருந்தபோது இவர் வழிதவறிப் போயிருப்பாரோ?" என்று குரல் தாழ்த்திக் கேட்டார்.

அந்தக் குடும்பத்தின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஊரும் அடையாளமும் வேண்டாம், அது அமானிதம். ஆனால் அந்தக் கேள்வி ஒரு வீட்டோடு முடிவதில்லை. கல்லீரல் நோய் என்றவுடன் மதுவை நினைப்பது நம் சமூகத்தில் ஆழமாக வேரூன்றிய பழக்கம். இதனால் இரண்டு தீமைகள் விளைகின்றன. நோயுற்றவர் அவமானத்துக்கு அஞ்சி நோயை மறைக்கிறார். நோய் வந்திருப்பதை அறியாதவரோ, "நான் மதுவைத் தொட்டதே இல்லை, எனக்கென்ன?" என்று அச்சமற்றிருக்கிறார். இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் செய்தி.

உண்மையில் நடப்பது என்ன? நாம் உண்ணும் சோறும் மாவும் இனிப்பும் உடலின் தேவைக்கு மிஞ்சும்போது, கல்லீரல் அந்த மிச்சத்தைக் கொழுப்பாக மாற்றுகிறது. வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, இன்சுலினின் கட்டளைக்கு உடல் சரிவரப் பணிவதில்லை. அப்போது கொழுப்புத் திசுக்களிலிருந்தும் கொழுப்பு அமிலங்கள் கட்டுப்பாடின்றிக் கசிந்து கல்லீரலை வந்தடைகின்றன. இப்படிக் குவியும் கொழுப்பில் ஒரு பகுதி அங்கேயே தங்கிவிடுகிறது. அதுவே ஸ்கேனில் தெரிகிறது. மறுபகுதியைக் கல்லீரல் இரத்தத்தில் ஏற்றி அனுப்புகிறது. அதுவே இரத்தப் பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு என்னும் பெயரில் உயர்ந்து நிற்கிறது. அது உயரும்போது, இதயத்துக்கு நலம் செய்யும் எச்.டி.எல். பெரும்பாலும் குறைகிறது, தீங்கு செய்யும் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து, அடர்ந்து, இரத்தக் குழாய்ச் சுவரில் எளிதில் நுழைகின்றன.

ஆகவே கல்லீரல் கொழுப்பும் இரத்தக் கொழுப்பும் பெரும்பாலானோரிடம் தனித்தனி நோய்கள் அல்ல. ஒரே கிணற்றிலிருந்து இறைக்கப்படும் இரண்டு வாளிகள் அவை. இந்நோயாளிகளின் மரணத்துக்குப் பெருங்காரணமாக இருப்பது கல்லீரல் செயலிழப்பு அன்று, இதய நோயே என்பதை மருத்துவ உலகம் கண்டறிந்துள்ளது. "ஃபேட்டி லிவர்தானே, எல்லோருக்கும் இருக்கிறது" என்று அலட்சியமாகப் பேசுவோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் மாநிலத்தின் நிலையை அறியவும் ஆதாரம் இருக்கிறது. சென்னை நகரில் நடந்த ஓர் ஆய்வு 2009-ஆம் ஆண்டு வெளியானது. அதில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 32 விழுக்காட்டினருக்கு, மதுவின் தொடர்பில்லாத கல்லீரல் கொழுப்பு இருந்தது. நீரிழிவு உள்ளவர்களிடமோ பாதிக்கும் மேல். தமிழ்நாட்டையும் உள்ளடக்கி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய ஆய்வொன்று 2014-இல் வெளிவந்தது. அதன்படி 79 விழுக்காட்டினரிடம் இரத்தக் கொழுப்பு அளவுகளில் ஏதேனும் ஒன்றாவது பிறழ்ந்திருந்தது. 72 விழுக்காட்டினரிடம் எச்.டி.எல். குறைந்திருந்தது. இத்தனை பேரும் குடிகாரர்களா? மது அருந்துவதால் கல்லீரல் கெடுவது உண்மையே. மது ஹராம் என்பதற்கு நமக்கு வேறு மருத்துவச் சான்றும் தேவையில்லை. ஆனால் மதுவை விலக்கியவன் நாவின் மற்ற ஆசைகளுக்கெல்லாம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று எவரும் நமக்கு வாக்களிக்கவில்லை.

மருத்துவ உலகமே இந்த அவப்பெயரின் சுமையை உணர்ந்துவிட்டது. "மதுசாராக் கொழுப்புக் கல்லீரல்" என்னும் பொருள்தரும் பழைய ஆங்கிலப் பெயரைப் பன்னாட்டுக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கைவிட்டன. உடலின் வளர்சிதை மாற்றக் கோளாறோடு இணைத்துப் புதுப்பெயர் சூட்டின. பெயரிலுள்ள சொற்கள் நோயாளியை இழிவுபடுத்துகின்றன என்பதும் அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. மருத்துவர்கள் காட்டிய இந்த நயத்தகு பண்பு, ஐயங்களில் பலவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறு ஸூரத்துல் ஹுஜுராத்தின் 12-ஆம் வசனத்தில் கட்டளையிடப்பட்ட நம்மிடம் முதலில் இருந்திருக்க வேண்டாமா?

இனி நம் பந்தியைப் பார்ப்போம். தேங்காயெண்ணெயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் மாவட்டத்தில் வழக்கம். அதை மிகுதியாகப் பயன்படுத்தினால் எல்.டி.எல். உயரும் என்பது சரியே. ஆனால் ட்ரைகிளிசரைடையும் கல்லீரல் கொழுப்பையும் பெருக்குவதில் பெரும்பங்கு மாவுக்கும் சர்க்கரைக்கும் உண்டு. காலையில் பொரோட்டா, நண்பகலில் குவித்த சோறு, மாலையில் பழம்பொரியோடு சர்க்கரை மிகுந்த தேநீர், இரவில் மறுபடியும் பொரோட்டா என்று ஒரு நாள் கழிந்தால், கல்லீரல் எப்போது இளைப்பாறும்? வயலில் ஏரோட்டியும் கடலில் வலை வீசியும் உழைத்த முன்னோருக்கு மரச்சீனிக் கிழங்கும் சோறும் எரிந்து தீர்ந்தன. இருசக்கர வாகனத்தில் பள்ளிவாசலுக்குச் செல்லும் நமக்கு அவை எரிவதில்லை. கருப்பட்டிக்கு மாறிவிட்டோம் என்று ஆறுதல் கொள்வதிலும் பெரிய பயனில்லை. அதுவும் பெரும்பாலும் சர்க்கரையே.

ரமலானிலும் இதே நிலைதான். பேரீச்சம்பழத்தால் நோன்பு திறப்பது சுன்னத். அதைத் தொடர்ந்து வரும் சர்பத்தும் சமோசாவும் வடையும் சுன்னத் அல்ல. சர்க்கரையில் பாதியளவாக உள்ள ஃப்ரக்டோஸைப் பெரும்பாலும் கல்லீரலே கையாள வேண்டியிருக்கிறது. பகலெல்லாம் ஓய்வு பெற்ற கல்லீரலின் மீது மஃரிபுக்குப் பின் ஒரே நேரத்தில் அத்தனையையும் ஏற்றுகிறோம். வலீமா விருந்துகளிலோ, "போதும்" என்று சொல்லும் விருந்தாளியின் தட்டில் மேலும் நெய்ச்சோறு இடுவதை உபசரிப்பு என்கிறோம். உண்ணுங்கள், பருகுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்ற பொருளிலமைந்த ஸூரத்துல் அஃராஃபின் 31-ஆம் வசனத்தையும், வயிற்றில் மூன்றில் ஒரு பகுதியே உணவுக்கு என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாகத் திர்மிதியில் பதிவான ஹதீஸின் கருத்தையும் மிம்பரில் கேட்கிறோம், பந்தியில் மறந்துவிடுகிறோம்.

இன்னொரு வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன்: "ஐவேளைத் தொழுகையே நமக்குப் போதுமான உடற்பயிற்சி." தொழுகை அல்லாஹ்வுக்குச் செய்யும் வணக்கம். அதைப் பயிற்சிக் கணக்கில் எழுதி, சோம்பலுக்குத் திரையாக்குவது தொழுகைக்குச் செய்யும் மரியாதை ஆகாது. வாரத்துக்கு 150 நிமிடங்களேனும் விரைவாக நடக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் அறிவுரை. ஸுப்ஹுக்குப் பின் அரை மணி நேரம் நடந்தால், ஐந்து நாட்களில் அது நிறைவேறிவிடும். நம் பெண்களுக்கும் இவ்வாய்ப்பு வேண்டும். என்னிடம் வந்த அந்தச் சகோதரி, நான் வற்புறுத்தியதால் தாமும் பரிசோதித்துக்கொண்டார். கணவருக்கு இருந்த அதே கொழுப்பு அவருடைய கல்லீரலிலும் இருந்தது, எச்.டி.எல். மிகக் குறைவு. ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களிடம் இது வியப்பன்று. அதன்பின் ஐயம் என்னும் பேச்சுக்கு அந்த வீட்டில் இடமிருக்கவில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்தவர் இரத்தக் கொழுப்பையும் சர்க்கரையையும் பரிசோதிக்க வேண்டும். ட்ரைகிளிசரைடு உயர்ந்தவர் கல்லீரலைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்க வேண்டும். ட்ரைகிளிசரைடு 150-க்குக் கீழும், எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையாமலும் இருப்பது நலம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் எச்சரிக்கை வேண்டும். மெலிந்தவர்களுக்கும் இந்நோய் வரும். பருமனானவர் உடல் எடையில் 5 விழுக்காடு குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு குறையத் தொடங்கும். 7 முதல் 10 விழுக்காடு குறைத்தால் அழற்சியும் தணியும். 80 கிலோ உள்ளவருக்கு முதற்படி 4 கிலோதான். பொரித்த மீனுக்குப் பதில் குளச்சல் கடலின் சாளையும் அயிலையும் குழம்பாகட்டும். தட்டில் சோறு குறைந்து காயும் பயறும் கூடட்டும்.

மருத்துவர் தந்த ஸ்டாட்டின் மாத்திரையை, "கல்லீரல் கெட்டுவிடும்" என்று அஞ்சித் தாமாக நிறுத்துவோர் பலர். கல்லீரலில் கொழுப்பு இருப்பது மட்டுமே அதை நிறுத்தக் காரணமாகாது. கல்லீரலைக் கழுவுவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளை நம்பி மருந்தைக் கைவிடுவது அதைவிடப் பெரிய தவறு. நோய்க்கு மருத்துவம் செய்யுங்கள் என்பது நபிவழி. இந்நோயை மத்திய அரசு 2021-ஆம் ஆண்டிலேயே தொற்றாநோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்துவிட்டது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகத் தயங்க வேண்டாம்.

நம் ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை, ரமலானுக்கு முந்திய ஷஃபான் மாதத்தில், மதரஸா வளாகத்தில் இரத்தப் பரிசோதனை முகாம் ஒன்றை ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடத்துங்கள். மிம்பரில் ஒரு ஜும்ஆவை இதற்காக ஒதுக்குங்கள். எந்தச் சகோதரனின் மருத்துவ அறிக்கையும் நம் தெருமுனைப் பேச்சுக்குப் பொருளாகக் கூடாது.

நம் உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு என்று கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தாக, அவ்வுரிமையை நிறைவேற்றுவோருள் நம்மையும் நம் குடும்பத்தாரையும் அல்லாஹ் சேர்த்தருள்வானாக. ஆமீன்.