தடுப்பூசியில் பாதரசம்: யாருடைய பாதுகாப்பு?

2025 ஜூன் 26-ஆம் தேதி அமெரிக்க அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழுவில் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. தைமரோசால் என்னும் பதப்பொருள் கலந்த ஃப்ளூ தடுப்பூசியை இனி யாருக்கும் பரிந்துரைக்க வேண்டாம் என்று ஐந்து பேர் வாக்களித்தார்கள். ஒருவர் எதிர்த்தார், ஒருவர் ஒதுங்கிக்கொண்டார். அந்த ஆண்டு பிப்ரவரியில் சுகாதாரத் துறைச் செயலராகப் பதவியேற்ற ராபர்ட் கென்னடி (ஜூனியர்), வாக்கெடுப்புக்கு இரண்டு வாரம் முன்புதான் பழைய குழுவின் பதினேழு பேரையும் மொத்தமாக நீக்கிவிட்டுத் தம் தேர்வில் புதியவர்களை அமர்த்தியிருந்தார். ஜூலையில் பரிந்துரையை ஏற்றுக் கையெழுத்தும் இட்டார்.

அமெரிக்கர்களுக்கு இதனால் பெரிய மாற்றம் ஒன்றுமில்லை. 2024-25 பருவத்தில் அங்கே வழங்கப்பட்ட ஃப்ளூ ஊசிகளில் சுமார் 96 சதவீதத்தில் இந்தப் பொருளே கிடையாது. குழந்தைகளுக்கு வழக்கமாகப் போடும் மற்ற ஊசிகளிலிருந்து 2001-லேயே அது எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் அமெரிக்கா எதைக் கைவிடுகிறது என்பதை உலகம் கூர்ந்து கவனிக்கிறது. அங்கே வேண்டாம் என்று தள்ளப்பட்டது எங்கள் குழந்தைக்கு மட்டும் ஏன் என்று ஒரு தாய் கேட்டால், அது நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, இந்தப் பதப்பொருள் ஏன் வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

1928 ஜனவரி. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பண்டபெர்க் என்ற ஊர். அங்கே ஜனவரி என்றால் உச்சக் கோடை. டிப்தீரியாவுக்கு (நம் ஊரில் தொண்டை அடைப்பான் என்பார்கள்) எதிரான மருந்தை ரப்பர் மூடியிட்ட ஒரே குப்பியிலிருந்து 17-ஆம் தேதி முதல் சில நாட்கள் விட்டுவிட்டுக் குழந்தைகளுக்குப் போட்டார்கள். ஒன்றும் ஆகவில்லை. 27-ஆம் தேதி அதே குப்பியிலிருந்து 21 குழந்தைகளுக்குப் போட்டார்கள். பன்னிரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். சார்லஸ் கெல்லவே தலைமையில் அமைந்த விசாரணை ஆணையம் காரணத்தைக் கண்டுபிடித்தது. மருந்தில் பிழை இல்லை. ஊசி குத்திக் குத்தி எடுக்கும்போது எப்போதோ உள்ளே போன ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமி, பதப்பொருள் இல்லாத அந்தத் திரவத்தில் கோடை வெக்கையில் பல்கிப் பெருகியிருந்தது. கிருமி வளரக்கூடிய எந்த மருந்தையும், கிருமிநாசினி கலக்காமல், பலமுறை எடுத்துப் போடும் குப்பியில் விற்கக் கூடாது என்று ஆணையம் சொன்னது. 1930-களில் தைமரோசால் புழக்கத்துக்கு வந்தபோது அது நிரப்பிய இடம் இதுதான். நோயாளியின் பாதுகாப்புக்காகச் சேர்க்கப்பட்ட பொருள் அது. இன்றைய விவாதத்தில் இந்தப் பன்னிரண்டு பேரை யாரும் நினைப்பதாகத் தெரியவில்லை.

தைமரோசாலின் எடையில் ஏறத்தாழ பாதி பாதரசம். பாதரசம் என்ற சொல்லே போதும், மினமாட்டா நினைவுக்கு வந்துவிடும். 1997-ல் வந்த ஒரு சட்டத்தின்படி அமெரிக்க அதிகாரிகள் உணவிலும் மருந்திலும் உள்ள பாதரசத்தைக் கணக்கெடுத்தார்கள். ஒரு ஊசிக்கு அதிகபட்சம் 25 மைக்ரோகிராம், ஆறு மாதத்தில் கூட்டினால் 187.5 மைக்ரோகிராம் வரை. பாதரசத்துக்கு அரசு வகுத்திருந்த வரம்புகளில் ஒன்றை இது மீறியது. ஆனால் அந்த வரம்பு மெத்தில் பாதரசத்துக்கானது. தைமரோசால் உடலில் தருவது எத்தில் பாதரசம். ஒரு எழுத்துதானே என்று தோன்றும். கள்ளக்குறிச்சியில் 2024-ல் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தில் ஆல்கஹால், கடையில் விற்பது எத்தில் ஆல்கஹால் என்று நினைத்துப் பார்த்தால் போதும். எத்தில் பாதரசம் குழந்தையின் ரத்தத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் பாதியாகிறது என்று 2002-ல் வெளியான ஆய்வு காட்டியது. மெத்தில் பாதரசத்துக்கு அதற்கு ஒன்றரை மாதம் ஆகும்.

1999-ல் இந்த ஆய்வு இல்லை. பாம்பென்று தாண்டவும் முடியாமல், பழுதை என்று மிதிக்கவும் முடியாமல் நின்ற அதிகாரிகளும் குழந்தை மருத்துவர் சங்கமும் ஜூலையில் ஒரு கூட்டறிக்கை விட்டார்கள். தீங்குக்குச் சான்று இல்லை, இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக நீக்கிவிடலாம் என்பது அதன் சாரம். முடிவைக் குறை சொல்ல மாட்டேன், சொன்ன விதம்தான் கோளாறு. ஆபத்து இல்லையென்றால் ஏன் நீக்குகிறீர்கள் என்று கேட்காத பெற்றோர் உண்டா? மருத்துவமனைகளே குழம்பின. பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ்-பி ஊசியைச் சில மருத்துவமனைகள் எல்லாக் குழந்தைகளுக்கும் நிறுத்திவைத்தன. மிச்சிகனில் நோய்த்தொற்று உள்ள தாய்க்குப் பிறந்து, அந்த ஊசி கிடைக்காத மூன்று மாதக் குழந்தை ஹெபடைடிஸ்-பியால் இறந்தது. முன்னெச்சரிக்கைக்கும் பக்கவிளைவு உண்டு.

ஆட்டிசத்துக்கு இதுதான் காரணமா என்பது அடுத்த கேள்வி. டென்மார்க் 1992-லேயே தைமரோசாலை நிறுத்திவிட்ட நாடு. அதன் பிறகும் அங்கே ஆட்டிசம் கண்டறியப்படுவது கூடிக்கொண்டே போனது என்பதை 2003-ல் வெளியான ஆய்வுகள் காட்டின. கலிஃபோர்னியாவிலும் நீக்கிய பின் எண்ணிக்கை குறையவில்லை. 2004-ல் அமெரிக்க மருத்துவக் கழகம் எல்லாவற்றையும் பரிசீலித்துத் தொடர்பில்லை என்றது. 2010-ல் தடுப்பூசி நீதிமன்றமும் வழக்குகளைத் தள்ளியது. கென்னடி 2005-ல் எழுதிய கட்டுரையை வெளியிட்ட சலோன் இதழ் 2011-ல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1999-ல் கேள்வி கேட்ட பெற்றோரை முட்டாள்கள் என்று யாரும் சொல்ல முடியாது. பதில் கிடைத்த பிறகும், பதிலே வராதது போல அதே கேள்வியை அரசாங்கத்தின் மேசையில் உட்கார்ந்து கேட்பது வேறு விஷயம். 2025 வாக்கெடுப்பில் எதிர்த்து நின்ற டாக்டர் கோடி மைஸ்னர், தைமரோசாலின் இல்லாத ஆபத்தைவிட ஃப்ளூவின் ஆபத்து மிகப் பெரியது என்று சொன்னார். அது எடுபடவில்லை.

பணக்கார நாடு ஒற்றை ஊசிக் குப்பிக்கு மாறிக்கொள்ளலாம். விலை கூடும், குளிர்பெட்டியில் இடம் அதிகம் வேண்டும், அவ்வளவுதான். இந்தியாவில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. பத்துக் குழந்தைகளுக்கான குப்பி, உள்ளே தைமரோசால். ஐஸ் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும் கிராம சுகாதார செவிலியர், மூன்று குழந்தைகள் மட்டுமே வந்த நாளில் மிச்சத்தைக் கொட்ட வேண்டியதில்லை. விதிப்படி குளிரில் பாதுகாத்தால் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம்.

தட்டம்மை ஊசிக்கு இந்த வசதி இல்லை. அது உயிருள்ள வைரஸ் என்பதால் பதப்பொருள் சேர்த்தால் மருந்தே செத்துவிடும். கரைத்த சில மணி நேரத்தில் எறிந்துவிட வேண்டும். 2017 மே மாதம் தெற்கு சூடானின் கப்போயெட்டா பகுதியில் பயிற்சி இல்லாதவர்கள் கையில் அந்த வேலை போயிற்று. மருந்தைக் கரைக்க நான்கு நாளும் ஒரே சிரிஞ்சு, குளிர்பெட்டி இல்லை. பதினைந்து குழந்தைகள் இறந்தார்கள். பண்டபெர்க் நடந்து 89 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதையெல்லாம் எடைபோட்டுத்தான் 2013-ல் கையெழுத்தான மினமாட்டா ஒப்பந்தம், பாதரசப் பொருட்களுக்குத் தடை விதித்தபோது தைமரோசால் கலந்த தடுப்பூசிகளுக்கு விலக்கு அளித்தது. அந்த விலக்கு வேண்டும் என்று ஆதரித்தவர்களில், 1999-ல் நீக்கச் சொன்ன அதே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் இருந்தது.