உணவு ஆலோசகருக்கு எதற்கு சொந்த லேப்?

டயட்டீஷியன்களையும் ஊட்டச்சத்து ஆலோசகர்களையும் தேடி இப்போது ஒரு வியாபாரத் திட்டம் வருகிறது. லேப் கட்ட வேண்டாம், மிஷின் வாங்க வேண்டாம், ஆள் வைக்க வேண்டாம். பேக்கேஜுக்கு ஆலோசகர் தன் பெயரை வைத்துக்கொள்ளலாம். ரிப்போர்ட்டின் தலையில் அவருடைய லோகோ வரும். வீட்டுக்குப் போய் ரத்தம் எடுப்பதிலிருந்து பிடிஎஃப் அனுப்புவதுவரை ஏதோ ஓர் ஊரிலுள்ள பெரிய லேப் பார்த்துக்கொள்ளும். லேப் கேட்பது ஒரு மொத்த விலை; வாடிக்கையாளரிடம் எவ்வளவு வாங்குவது என்பது ஆலோசகரின் விருப்பம். நடுவில் நிற்கும் தொகைதான் தொழிலை வளர்க்கப்போகிற வருமானம்.

இது சாத்தியமானதற்குக் காரணம், ரத்தப் பரிசோதனை இன்று ஒரு தொழிற்சாலை வேலை ஆகிவிட்டது. கோவைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன ஆரோக்கியசாமி வேலுமணி 1996-ல் மும்பையில் தொடங்கிய தைரோகேர் இதை நாட்டுக்கே காட்டியது. ஊர் ஊராக மாதிரிகளைச் சேகரித்து, விமானத்தில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, இரவோடு இரவாகப் பெரிய மிஷின்களில் ஓட்டினால், ஒரு டெஸ்ட்டின் அடக்கவிலை மளமளவென்று இறங்கும். பல லட்சம் பேருக்குக் கட்டுப்படியாகும் விலையில் தைராய்டு பரிசோதனை கிடைத்தது இப்படித்தான். அது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால், அதே கணக்கு இன்னொரு கதவையும் திறந்தது. ஏற்கெனவே எடுத்த ரத்தத்தில் இன்னொரு டெஸ்ட் சேர்க்க லேபுக்கு ஆகும் செலவு சொற்பம். எனவே பேக்கேஜ் வீங்குகிறது. அனுப்பிவைக்கிறவருக்குப் பெரிய பங்கு தந்தாலும் லேபுக்கு நஷ்டமில்லை.

இதில் இறங்கும் ஆலோசகர்களை எடுத்த எடுப்பில் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனமில்லை. நேர்மையான ஒரு டயட்டீஷியன் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்பார்: நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள், காபிக்கு எத்தனை ஸ்பூன் சர்க்கரை, வீட்டில் எத்தனை பேர், மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்குகிறீர்கள், இரவுச் சாப்பாடு எத்தனை மணிக்கு? அந்தத் தொழிலின் உயிரே இந்தக் கேள்விகள்தான். ஆனால், சும்மா பேசியதற்கு ஐந்நூறு ரூபாயா என்று முகம் சுளிப்பவர்கள், கையில் ஊசி குத்தி எட்டுப் பக்க ரிப்போர்ட் தந்தால் ஆயிரத்துச் சொச்சத்தை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். டெஸ்ட் எழுதாத டாக்டரையே சந்தேகமாகப் பார்க்கும் நாடு இது. உழைப்புக்கு வராத கூலியை டெஸ்ட்டில் ஈட்டிக்கொள்ள ஒருவருக்குத் தோன்றுவதில் வியப்பில்லை.

பிரச்சினை, அந்தக் கூலியை இறுதியில் யார் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

எழுபது டெஸ்ட் என்று விளம்பரப்படுத்தப்படும் பேக்கேஜைப் பிரித்துப் பார்ப்போம். ஊதா மூடிக் குழாயில் போகும் ரத்தத்தில் செய்யும் சிபிசி, அதாவது ரத்த அணுக்களின் கணக்கெடுப்பு, ஒரே பரிசோதனை. ஆனால், அதிலிருந்து வரும் இருபதுக்கும் மேற்பட்ட எண்கள் ஒவ்வொன்றும் தனி டெஸ்ட்டாக எண்ணப்படுகின்றன. கொழுப்புப் பட்டியலில் விஎல்டிஎல் என்பது பெரும்பாலும் ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்து வருவது. எல்டிஎல்கூடப் பல இடங்களில் மற்ற எண்களிலிருந்து கழித்துக் கண்டுபிடிப்பது. மொத்தப் புரதத்தில் ஆல்புமினைக் கழித்தால் குளோபுலின். இரண்டையும் வகுத்தால் இன்னொரு விகிதம். நான்கு செயல்களும் தெரிந்த பள்ளிப் பிள்ளை போடக்கூடிய கணக்குகள் இவை. எல்லாம் டெஸ்ட் என்று எண்ணிக்கையில் சேர்கின்றன.

இதைவிட முக்கியமானது சிவப்பு அம்புக்குறி. ரிப்போர்ட்டில் ‘இயல்பு அளவு’ என்று அச்சிடும் எல்லைகள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கப்பட்டவை. அப்படியென்றால், எந்த நோயும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் ஒவ்வொரு டெஸ்ட்டிலும் எல்லைக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட் செய்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்குக் குறைந்தது ஒரு சிவப்புக் குறியாவது வர 64 சதவீத வாய்ப்பு. 60 டெஸ்ட் என்றால் 95 சதவீதம். நடைமுறையில் பல எண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் இந்த விகிதம் ஓரளவு குறையும், போக்கு மாறாது. பேக்கேஜ் பெரிதாகப் பெரிதாக, வாங்கியவர் ‘ஏதோ குறை இருக்கிறது’ என்ற முடிவோடு திரும்புவது ஏறக்குறைய உறுதி. சில ஆலோசகர்கள் அதற்கும் மேலே போய், லேபின் இயல்பு அளவை ஒதுக்கிவிட்டு ‘உகந்த அளவு’ என்று இன்னும் குறுகலான எல்லை ஒன்றை வைக்கிறார்கள். எல்லையைக் குறுக்கினால் நோயாளிகள் பெருகுவார்கள். அந்தக் குறைக்கான பொடியும் மாத்திரையும் பெரும்பாலும் அதே பெயரில், அதே லோகோவோடு கிடைக்கும்.

வைட்டமின் டி-யை எடுத்துக்கொள்வோம். இந்த பேக்கேஜ்களில் மக்களை ஈர்ப்பதில் அதற்குப் பெரிய இடம் உண்டு. அமெரிக்காவின் ஹார்மோன் மருத்துவர்கள் அமைப்பான எண்டோக்ரைன் சொசைட்டி 2011-ல் மில்லிலிட்டருக்கு 30 நானோகிராம் வேண்டும் என்றது. உலகெங்கும் லேப்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. அதே அமைப்பு 2024-ல் வெளியிட்ட புதிய வழிகாட்டுதலில் அந்த 30-ஐத் தான் இனி ஆதரிக்கவில்லை என்று சொல்லிவிட்டது. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை செய்ய வேண்டாம் என்றும், கருத்த நிறம், உடல் பருமன் என்ற காரணங்களுக்காக மட்டும் செய்யவும் வேண்டாம் என்றும் பரிந்துரைத்தது. அந்த எண் இன்னும் பல ரிப்போர்ட்டுகளில் அச்சாகிக்கொண்டிருக்கிறது. 24 இருந்தால் சிவப்பு அம்பு. அதன் பின்னாலேயே வாரம் ஒன்றாக 60,000 யூனிட் மாத்திரை. எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல் மாதக்கணக்கில் விழுங்கி, ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் பாதிக்கப்பட்டு வருபவர்களை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

முடிக்காக விற்கப்படும் பயோட்டின் மாத்திரை இன்னொரு சங்கடம். அதிக அளவில் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் சிலவகைத் தைராய்டு பரிசோதனைகள் தவறான விடை தரும். தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல் காட்டும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே இதை எச்சரித்தது. மாத்திரை விற்றவரும் டெஸ்ட் விற்றவரும் ஒரே ஆள் என்றால், ஒன்று மற்றொன்றைக் கெடுத்திருக்கலாம் என்று அந்த இடத்தில் சந்தேகிக்கப்போவது யார்? உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிப்பதாக விற்கும் ஐஜிஜி பரிசோதனையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. ஓர் உணவைச் சாப்பிட்டுப் பழகிய உடம்பின் இயல்பான எதிர்வினையையே அது அளக்கிறது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்கள் 2008-லும் கனடாவினர் 2012-லும் அது வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். அதை நம்பிக் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் கோதுமையையும் நிறுத்துவது கொடுமை.

எண்ணைச் சரியாகப் படிக்க என்ன வேண்டும் என்பதற்கு நம்மூர் உதாரணம் ஒன்று. நாற்பது வயதுப் பெண், ஹீமோகுளோபின் 9.8, வெறும் வயிற்றுச் சர்க்கரை 88, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.9. மூன்றாவது எண்ணுக்குப் பக்கத்தில் ‘சர்க்கரை நோயின் முன்நிலை’ என்று அச்சாகியிருக்கும். உடனே சோற்றைக் குறைக்கும் மூன்று மாதத் திட்டம் ஒன்று அவருக்கு விற்கப்படும். ஆனால், இரும்புச்சத்துக் குறைபாடு ஹெச்பிஏ1சி-யை உள்ளதைவிடச் சற்று உயர்த்திக் காட்டக்கூடியது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஆக, இந்தப் பெண் அபூர்வமானவர் அல்ல; தெருவுக்குத் தெரு இருப்பவர். அவருக்கு முதலில் தேவை இரும்புச்சத்தும், மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமா என்று பார்க்கும் மகளிர் நல மருத்துவரும். இரும்பு ஏறிய பிறகு சர்க்கரையை மறுபடி பார்க்கலாம். சாப்பிட்டு முடித்த கையோடு டீ குடிக்கும் பழக்கம் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும். அந்தப் பழக்கம் அவருக்கு இருப்பது எந்தக் குழாயிலும் தெரியாது. கேட்டால்தான் தெரியும். கேட்பதற்குத்தான் டயட்டீஷியன்.

டெஸ்ட்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சைவ உணவுக்காரருக்கு பி12, ரத்தசோகை உள்ளவருக்கு இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், குடும்பத்தில் சர்க்கரை உள்ளவருக்கு அதற்கான டெஸ்ட் என்று ஆலோசகருக்கு எண்கள் தேவைப்படும் இடங்கள் உண்டு. கேள்வி இருந்து அதற்கு விடை தேடும் டெஸ்ட் அது. பெரும்பாலும் மூன்று நான்கோடு முடிந்துவிடும். மூன்று டெஸ்ட் எழுதுகிறவரைவிட எழுபது எழுதுகிறவருக்கு அதிகம் கிடைக்கும் ஏற்பாட்டில், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கை எந்தப் பக்கம் சாயும்?

எனக்கு மிகவும் கவலை தருவது வேறொன்று. உயிருக்கு ஆபத்தான அளவில் ஓர் எண் வந்தால், டெஸ்ட் எழுதியவருக்கு லேப் உடனே தெரிவிக்க வேண்டும்; ஐஎஸ்ஓ 15189 தரச்சான்று பெற்ற லேப்களுக்கு இது கட்டாயம். சனிக்கிழமை இரவு ஒன்பது மணி. அறுபது கடந்த ஒருவரின் பொட்டாசியம் 6.8. வெயிலில் பைக்கில் அலைந்த மாதிரியில் ரத்த அணுக்கள் உடைந்து வந்த பொய்யான எண்ணாக இருக்கலாம். அல்லது ரத்த அழுத்த மாத்திரையோடு, சோடியம் குறைந்த உப்பையும் சேர்த்துக்கொண்டதால் உண்மையிலேயே ஏறியிருக்கலாம். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் இருப்பது பொட்டாசியம். உண்மையாக இருந்தால் இதயம் நின்றுபோகக்கூடிய அளவு. அந்த இரவே இசிஜி எடுத்தாக வேண்டும். லேப் அழைக்கும் எண் யாருடையது? ரிப்போர்ட்டில் லோகோ போட்டிருப்பவருடையது. அவர் உணவியல் படித்தவர். இந்த முடிவை எடுக்க அவருக்குப் பயிற்சியும் இல்லை, சட்ட அதிகாரமும் இல்லை. வெள்ளையணு எண்ணிக்கை எண்பதாயிரம் என்று வந்தால், அது ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்பதை அந்தக் குடும்பத்திடம் யார், எந்த வார்த்தைகளில் சொல்வது? தன் பெயரில் பேக்கேஜ் தொடங்குகிறவர்களில் எத்தனை பேர் இதை யோசித்திருப்பார்கள்?

கமிஷன் விஷயத்தில் மருத்துவர்களுக்கு விதி தெளிவாக இருக்கிறது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு ஒழுக்க விதிகளில் 6.4-வது பிரிவு, நோயாளியை அனுப்புவதற்கு மட்டுமல்லாமல் பரிசோதனைக்கு மாதிரி அனுப்புவதற்கும் கமிஷன் வாங்கக் கூடாது என்கிறது. விதி இருந்தும் மீறல் நடக்கிறது என்பது ஊரறிந்த விஷயம். மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில், தேள்கடி சிகிச்சைக்காகப் பெயர்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ஒரு ஸ்கேன் மையம் தனக்கு அனுப்பிய 1,200 ரூபாய் காசோலையைத் திருப்பி அனுப்பிப் புகார் செய்தார். 2013-ல் அது நாடு முழுவதும் பேசப்பட்டது. அவர் புகார் செய்ய முடிந்ததற்குக் காரணம், தவறு என்று சொல்ல ஒரு விதி இருந்தது. லேப் ரிப்போர்ட்டில் யார் கையெழுத்திடலாம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. நோயியலில் முதுகலை படித்த மருத்துவரே கையெழுத்திட வேண்டும் என்று 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்தது, பின்னர் சிறிய லேப்களுக்குச் சற்றுத் தளர்வும் வந்தது. கையெழுத்துக்கு இவ்வளவு யோசித்தும், அதே தாளின் தலையில் யார் லோகோ இருக்கலாம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

உணவியல் வல்லுநர்களுக்கு இடம் தரும் சட்டம் 2021-ல் வந்த தேசியத் துணை மருத்துவ, சுகாதாரத் தொழிலர் ஆணையச் சட்டம். டயட்டீஷியன்களும் ஊட்டச்சத்து நிபுணர்களும் அதன் பட்டியலில் இருக்கிறார்கள். தொழில் ஒழுக்கத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பும் ஆணையத்துக்கு உண்டு. 6.4-வது பிரிவின் சாரத்தை, பரிசோதனை மாதிரிகளையும் சேர்த்து, ஊட்டச்சத்துத் தொழிலின் நெறிமுறையில் எழுதிவிடலாம். ‘சொந்த பிராண்ட்’ என்ற பெயரில் விலையில் வைக்கும் லாபமும் கமிஷன்தான் என்று அதில் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால், உறைக்குள் வைத்துத் தந்தால் கமிஷன், லோகோ போட்டு வாங்கினால் தொழில் வளர்ச்சி என்ற வாதம் நிச்சயம் வரும். உடல்நலம் பற்றிப் பேசும் வல்லுநர்களும் சமூக ஊடகப் பிரபலங்களும் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்டில் வழிகாட்டுதல் தந்தது. அதே துறை, பரிந்துரைக்கும் டெஸ்ட்டில் அவர்களுக்கு எவ்வளவு லாபம் என்பதையும் சொல்லச் செய்யலாம்.

அதுவரை ஆலோசகர்கள் தாங்களே செய்யக்கூடியவை கஷ்டமானவை அல்ல. ஆலோசனைக் கட்டணத்தை வெளிப்படையாக உயர்த்தட்டும்; முக்கால் மணி நேர உழைப்புக்கு அந்தத் தொகை தகும். லேபின் மொத்த விலை எவ்வளவோ அதையே வாடிக்கையாளரிடம் வாங்கட்டும். பரிசோதித்த லேபின் பெயர், கையெழுத்திட்ட மருத்துவரின் பெயர், தரச்சான்று எண் மூன்றும் ரிப்போர்ட்டின் தலையில் இருக்கட்டும். ஆபத்தான எண் வந்தால் அந்த இரவே பொறுப்பெடுக்கும் மருத்துவர் ஒருவரோடு எழுத்துமூலம் ஏற்பாடு செய்யாமல் ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்க வேண்டாம். இந்திய உணவியல் சங்கம் தன்னிடம் பதிவுபெற்ற டயட்டீஷியன்களுக்கு இவற்றை நிபந்தனையாக விதிக்கலாம். அதற்கு ஆணையத்தின் விதி வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.