முதுகெலும்புக்கு மேல் ஓர் இடைவெளி

குடியரசு தின அணிவகுப்பில் 61-ஆவது குதிரைப்படை கடந்து போகும்போது நம் கண்ணில் படுவது தலைப்பாகையும் ஈட்டியும்தான். வீரனுக்கும் குதிரைக்கும் நடுவில் இருக்கும் சேணத்தை யாரும் பார்ப்பதில்லை. தமிழில் அதற்குக் கலனை, பல்லணம் என்று வேறு பெயர்களும் உண்டு. ஆனால், சேணம் என்றதும் இன்று பலருக்கு நினைவு வருவது வண்டிக் குதிரையின் கண்ணை மறைக்கும் பட்டை.

நெடுந்தூரச் சவாரிக்காரர்கள் சிலர் இப்போது பழைய இராணுவச் சேணங்களைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். ஒரே நாளில் 160 கிலோமீட்டர்வரை போகும் போட்டி அது. வழியில் மருத்துவர்கள் குதிரையை நிறுத்திச் சோதிப்பார்கள். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 64-க்குள் இறங்க வேண்டும். முதுகையும் தடவிப் பார்ப்பார்கள். வலியில் குதிரை நெளிந்தால் சிக்கல்தான். பளபளப்பான நவீனச் சேணங்கள் கடைகளில் குவிந்திருக்க, நூறு வருடத் தோலை நாடுவானேன்?

காரணம் பழம்பெருமை அல்ல, கணக்கு. போயர் யுத்தத்தில் (1899-1902) பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் மடிந்தன. பட்டினி, நோய், களைப்பு என்று காரணங்கள் பல. முதுகில் புண் வந்த குதிரையோ உயிரோடிருந்தும் உதவாது. அதன் வீரன் காலாளாகிவிடுவான். ஆகவே இராணுவம் சேணத்தை முதலில் குதிரைக்காகச் செய்தது, அப்புறம்தான் வீரனின் சௌகரியம்.

1912-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மாதிரியைப் பாருங்கள். முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு நீண்ட மரப்பலகைகள், அவற்றை இணைக்கும் எஃகு வளைவுகள், நடுவில் தொங்கும் தோல் இருக்கை. (இந்தச் சட்டகத்துக்கு ஆங்கிலத்தில் 'மரம்' என்றே பெயர். எஃகு வந்த பிறகும் மாறவில்லை. மொழிபெயர்ப்பாளனை இடற வைக்கவென்றே சில சொற்கள் பிறக்கின்றன.) பலகைகள் இருக்கையைத் தாண்டிப் பின்னால் நீள்வதால் பாரம் பரவுகிறது. எலும்புக்கு மேல் காற்றோடும் இடைவெளி. அடியில் மடித்த கம்பளி. நீண்ட பயணத்தில் குதிரை இளைத்தால் கம்பளியை இன்னொரு மடிப்பு மடித்தால் போதும். அமெரிக்க இராணுவம் 1859-இல் ஏற்ற மெக்லெல்லன் சேணத்திலும் இருக்கையின் நடுவே நீளமாக ஒரு திறப்பு உண்டு. உட்காருபவனுக்கு அது பஞ்சு மெத்தை அல்ல!

இந்தத் தொழில் நமக்குப் புதிதில்லை. கான்பூரின் அரசு சேணத் தொழிற்சாலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே படைகளுக்குச் சேணம் தைத்துக் கொடுத்தது. 2021-இல் இராணுவத் தளவாட வாரியம் கலைக்கப்பட்ட பின் அது புதிய அரசு நிறுவனமொன்றின் கீழ் போய்விட்டது. கான்பூர் சேணத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. கப்பலேறி வெளிநாடும் போகிறது. உள்ளூரில் அந்த அறிவு எங்கே போயிற்று? கல்யாண சீசனில் தில்லித் தெருக்களில் மாப்பிள்ளையைச் சுமக்கும் குதிரையின் ஜரிகை விரிப்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் தெரியும். மேலே வெல்வெட், அடியில் பல சமயம் ஆறாத புண்.

அதற்காகப் பழைய சேணமெல்லாம் உத்தமம் என்று சொல்ல மாட்டேன். அன்றைய படைக்குதிரையின் முதுகளவுக்குச் செய்தது, இன்றைய அகன்ற முதுகில் உட்காராமல் கிள்ளும். விற்பவர் மெருகேற்றியிருப்பார், உள்ளே தையல் இற்றிருக்கும், தோல் பொடியாக உதிரும். முன் வளைவையும் பின் வளைவையும் இரு கையால் பிடித்து அழுத்திப் பாருங்கள். கிறீச்சிட்டாலோ வளைந்தாலோ சட்டகம் போயிற்று, சுவரில் மாட்டத்தான் லாயக்கு.

பழைய குதிரைப்படையினரின் பழக்கங்களும் சேணத்தோடு சேர்ந்தவையே. மணிக்கொரு தரம் இறங்கிக் கொஞ்ச தூரம் குதிரையோடு நடப்பார்கள். ஊர் சேர்ந்ததும் சேணத்தை உடனே கழற்றாமல் வார்களை மட்டும் தளர்த்தி, அழுந்திய தோலில் ரத்தம் மெல்லத் திரும்ப விடுவார்கள். கழற்றிய பின் வியர்வைத் தடத்தைக் கவனிக்க வேண்டும். இருபுறமும் சீராக நனைந்து, முதுகெலும்பு நெடுக மட்டும் உலர்ந்த கோடு இருந்தால் நல்லது. ஈரத்தின் நடுவே உள்ளங்கை அளவில் உலர்ந்த திட்டு தெரிந்தால் சேணம் அங்கே அழுத்தியிருக்கிறது. மறுநாள் அந்தக் குதிரைக்கு ஓய்வு.