பதுங்கியிருப்பவரைக் காட்டிக் கொடுக்காதீர்!



தங்கும் விடுதியில் பயங்கரவாதத் தாக்குதல் நேர்ந்தால் என்ன செய்வது? இக்கேள்விக்கு விடை கூறும் குறிப்புகள் இன்று ஏராளமாகக் கிடைக்கின்றன. கதவைத் தாழிடு, விளக்கை அணை, கைப்பேசியின் ஒலியை அடக்கு, அசையாதிரு. இவை அனைத்தும் சரியானவையே. எனினும், அவை யாவும் அறைக்குள் அகப்பட்டுக் கொண்டவரை நோக்கியே பேசுகின்றன. அந்நேரத்தில் வெளியே பாதுகாப்பாக இருக்கும் நாம் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யவே கூடாது என்பதை எடுத்துரைப்பார் மிகச் சிலரே. உள்ளே இருப்பவரின் உயிரில் பாதி வெளியே இருப்பவரின் நாவில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வழி நான் முன்வைக்கும் கருத்து.

"இதெல்லாம் எங்கோ நடப்பது, நமக்கென்ன?" என்று எண்ண வேண்டா. அண்டை நாடான இந்தோனேசியாவின் ஜகார்த்தா மாநகரில் 2003ஆம் ஆண்டிலும் 2009ஆம் ஆண்டிலும் நட்சத்திர விடுதிகள் குண்டுவெடிப்புக்கு இலக்காயின. 2016ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் நம் நாட்டிலேயே, பூச்சோங்கில் ஒரு மதுக்கூடத்தின்மீது கையெறிகுண்டு வீசப்பட்டு 8 பேர் காயமுற்றனர். பள்ளி விடுமுறை வந்தாலே பெட்டியைக் கட்டிக்கொண்டு விடுதிகளில் தங்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. ஆகவே, இதைப் பற்றிச் சிந்திப்பது வீண் அச்சமாகாது.

நாம் கற்க வேண்டிய பாடம் மும்பையில் இருக்கிறது.

2008ஆம் ஆண்டு நவம்பர் 26ஆம் நாள் இரவு, கடல் வழியாக வந்திறங்கிய 10 பேர் மும்பையின் பல இடங்களைத் தாக்கினர். தொடருந்து நிலையம், உணவகம், மருத்துவமனை, யூத மையம், தாஜ் மகால் விடுதி, ஓபராய் டிரைடண்ட் விடுதி என நீண்டது அப்பட்டியல். 29ஆம் நாள் காலையில் தாஜ் விடுதி மீட்கப்பட்ட போதுதான் அக்கொடுமை முடிவுக்கு வந்தது. மாண்டோர் 166 பேர். அவர்களுள் சிங்கப்பூரைச் சேர்ந்த ஓர் இளம் வழக்கறிஞரும் ஒருவர். இந்தியாவின் சிறப்புக் கமாண்டோ படை அப்போது வடக்கே அரியானாவில் நிலைகொண்டிருந்தது. அதனால், மறுநாள் காலையில்தான் அப்படை மும்பையில் களமிறங்க முடிந்தது. அதுவரை விடுதி விருந்தினர்களுக்குத் துணையாக இருந்தவை பூட்டிய கதவும் இருளும் அமைதியுமே.

அந்த அமைதியின் வலிமையைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று தாஜ் விடுதியின் விருந்து மண்டபத்தில் நடந்தது. ஒரு நிறுவனத்தின் இரவு விருந்து நடந்து கொண்டிருந்த வேளையில் வெடிச்சத்தம் கேட்டது. விருந்துக்குப் பொறுப்பாக இருந்தவர் 24 வயதே நிரம்பிய ஓர் இளம்பெண். அவரும் அவருடைய பணியாளர்களும் கதவுகளைப் பூட்டினர், விளக்குகளை அணைத்தனர், விருந்தினர்களை மேசைகளுக்கு அடியில் படுக்கச் சொன்னார்கள், கைப்பேசியைப் பயன்படுத்த வேண்டா என்று கேட்டுக் கொண்டனர். ஒரே குடும்பம் முழுவதும் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகக் கணவனும் மனைவியும் தனித்தனி இடங்களில் இருக்குமாறும் அப்பெண் வேண்டினார். இரவு முழுவதும் அப்படியே கழிந்தது. விடியற்காலையில் வெளியே தீப்பற்றியதும், சன்னலை உடைத்துத் தீயணைப்பு வீரர்களின் ஏணி வழியாக இறங்கி உயிர் பிழைத்தனர்.

இங்கே இரண்டு செய்திகளைக் கவனியுங்கள். ஒன்று, இருளும் அமைதியும் பல மணி நேரம் அவர்களைக் காத்தன. மற்றொன்று, தீ வந்ததும் திட்டத்தை மாற்றிக் கொண்டார்கள். பதுங்குவது என்பது ஒரே இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பதன்று. புகை நுழைந்தால், பதுங்கிய அறையே பொறியாகிவிடும். தாஜ் விடுதியின் பொது மேலாளருடைய மனைவியும் இரு பிள்ளைகளும் ஆறாம் தளத்தில் அந்தத் தீயில்தான் மாண்டனர்.

இனி, வெளியே நடந்தது என்ன என்று பார்ப்போம்.

தாக்குதல்காரர்களுக்குக் கட்டளையிட்டவர்கள் மும்பையில் இல்லை. அவர்கள் பாகிஸ்தானில் அமர்ந்து, தொலைபேசி வழியாக நொடிக்கு நொடி வழிகாட்டிக் கொண்டிருந்தனர். மும்பை நிலவரம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது? பெரும் உளவுப் படை எதுவும் தேவைப்படவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியே போதுமானதாக இருந்தது! எந்த விடுதியில் தீ எரிகிறது, காவல்துறையினர் எங்கே நிற்கின்றனர், யூத மையத்தின் கூரைமீது கமாண்டோக்கள் எப்போது இறங்குகின்றனர் என்பதெல்லாம் நேரடியாக ஒளிபரப்பாயின. விடுதிக்குள் பதுங்கியிருந்த சிலரும் தொலைபேசி வழியாகத் தொலைக்காட்சி நிலையங்களிடம் பேசினர். உதவி கேட்டுப் பேசியவர்களை நான் குறை கூற மாட்டேன். மரண பயத்தில் இருப்பவர் கிடைத்த கயிற்றைப் பிடிக்கத்தான் செய்வார். அப்பேச்சை உலகத்துக்கே ஒலிபரப்பலாமா என்று எண்ணிப் பார்க்க வேண்டியவர்கள் வெளியே இருந்தவர்கள்தாம்.

இன்னொரு நிகழ்ச்சி. தாஜ் விடுதியில் பிணையாகச் சிக்கிய முதிய வங்கியாளர் ஒருவர், தாம் ஓர் ஆசிரியர் என்று கூறித் தப்பப் பார்த்தார். ஆசிரியரின் சம்பளத்தில் இப்படிப்பட்ட விடுதியில் தங்க இயலாதே என்று அவர்கள் நம்ப மறுத்துவிட்டனர். (அதை மட்டும் சரியாகக் கணித்துவிட்டார்கள்!) பின்னர் அவருடைய பெயரைக் கேட்டு வாங்கி, கட்டளையிட்டவர்கள் இணையத்தில் தேடினர். அங்கே கிடைத்த விவரங்களைக் கொண்டு அவருடைய தோற்றத்தைச் சரிபார்த்து, அவர் யார் என்பதைக் கண்டுபிடித்து விட்டனர். நல்வினைப் பயனாக அவர் பின்னர் உயிர் தப்பினார். அப்பாவித்தனமாக இணையத்தில் இடும் தகவல், ஆபத்து நேரத்தில் யார் கையில் போய்ச் சேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2012ஆம் ஆண்டு ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் தீர்ப்பளித்த போது, இடைமறித்துப் பதிவு செய்யப்பட்ட உரையாடல்களை எடுத்துக்காட்டி, அந்த நேரடி ஒளிபரப்பைக் கடுமையாகக் கண்டித்தது. அதனால்தான் வீரர்கள் உயிரிழந்தனர் என்று உறுதியாகக் கூற இயலாது என்பதையும் நீதிமன்றம் நேர்மையாகக் குறிப்பிட்டது. ஆயினும், மீட்புப் பணி மேலும் கடினமாகவும் ஆபத்தானதாகவும் ஆனது என்பதில் அதற்கு ஐயமில்லை. 2015ஆம் ஆண்டில், பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளை நேரடியாக ஒளிபரப்புவதற்கு இந்திய அரசு விதிமுறை வழி தடை விதித்தது.

தொலைக்காட்சிக்குத் தடை போட்டாயிற்று. ஆனால், இன்று ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஓர் ஒளிபரப்பு நிலையம் இருக்கிறதே! அதற்கு யார் தடை போடுவது?

இதில் இரண்டு ஐரோப்பிய நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2015 ஜனவரியில் பாரிஸ் நகர யூத அங்காடி ஒன்றை ஆயுததாரி ஒருவன் கைப்பற்றினான். சிலர் கீழ்த்தளத்துக் குளிர்ப்பதன அறையில் ஒளிந்திருந்தனர். அவர்களுள் சிறு குழந்தையும் இருந்தது. அத்தகவலைத் தொலைக்காட்சி ஒன்று முற்றுகை நடந்து கொண்டிருக்கும் போதே வெளியிட்டது. உயிர் பிழைத்தோர் பின்னர் அதற்கு எதிராகச் சட்ட நடவடிக்கையில் இறங்கினர். அதே ஆண்டு நவம்பரில் பிரஸ்ஸல்ஸ் நகரில் தேடுதல் வேட்டை நடந்த இரவில், தங்கள் நடமாட்டத்தைச் சமூக ஊடகங்களில் வெளியிட வேண்டா என்று காவல்துறை கேட்டுக் கொண்டது. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பூனைப் படங்களாகப் போட்டு இணையத்தை நிரப்பினார்கள்! வேட்டை முடிந்ததும் காவல்துறை ஒரு கிண்ணம் பூனைத் தீவனத்தின் படத்தை வெளியிட்டு நன்றி தெரிவித்தது. கட்டுப்பாடு என்பது பொதுமக்களால் இயலாத ஒன்றன்று என்பதை அம்மக்கள் மெய்ப்பித்தனர்.

"உறவினருக்குத் துடிக்காதா? உள்ளே இருப்பவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்கக் கூடாதா?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலும், வெளியிலிருந்து வந்த தகவல் உள்ளே இருப்பவரைக் காப்பாற்றுவதும் உண்டு. எந்தப் பக்கம் தீ, எந்த வழி பாதுகாப்பு என்பது அறைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. ஆகவே தகவலே கூடாது என்று நான் வாதிடவில்லை. தகவல் செல்ல வேண்டிய இடம் ஒன்றுதான் என்கிறேன். அது காவல்துறை. முகநூலும் புலனக் குழுக்களும் அல்ல.

இனி, நடைமுறைக்கு வருவோம். காவல்துறையின் அறிவுறுத்தலே எப்போதும் முதன்மையானது. அதற்குத் துணையாக இவற்றை நினைவிற் கொள்ளலாம்.

உள்ளே இருப்பவர்களுக்கு:

1. விடுதிக்குச் சென்ற முதல் நாளே அவசரப் படிக்கட்டு எங்குள்ளது என்று நடந்து பாருங்கள். உங்கள் கதவிலிருந்து எத்தனை கதவுகள் தாண்ட வேண்டும் என்று எண்ணி வையுங்கள். இருளிலும் புகையிலும் அந்த எண்ணிக்கைதான் கைகொடுக்கும்.

2. பாதுகாப்பாக வெளியேற வழியிருந்தால் வெளியேறுங்கள். மின்தூக்கியைத் தவிர்த்துவிடுங்கள். வழியில்லாத போதே பதுங்குங்கள்.

3. கதவின் எல்லாத் தாழ்களையும் போட்டு, கனமான மேசை நாற்காலிகளைக் கதவோடு நகர்த்துங்கள். விளக்கையும் தொலைக்காட்சியையும் அணைத்து, திரையை மூடுங்கள். கதவுக்கு நேரே நிற்க வேண்டா.

4. கைப்பேசியின் ஒலியோடு அதிர்வையும் நிறுத்துங்கள். மேசைமேல் அதிரும் கைப்பேசியும் சத்தம் எழுப்பும். வெளியே உள்ள ஒரே ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பி, அறை எண்ணையும் உடன் இருப்போரின் எண்ணிக்கையையும் காவல்துறைக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

5. துண்டுகளை நனைத்துக் கதவிடுக்கில் அடையுங்கள். புகை பெருகினால் அங்கேயே இருப்பதா, வெளியேறுவதா என்று மீண்டும் முடிவெடுங்கள்.

6. மீட்புப் படை வந்ததும் கையில் எதுவுமின்றி, விரல்களை விரித்துக் காட்டி, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். யார் நண்பர், யார் பகைவர் என்பது அவர்களுக்கு அக்கணத்தில் தெரியாது.

வெளியே இருப்பவர்களுக்கு:

1. உள்ளே இருப்பவரை நீங்களாக அழைக்காதீர்கள். அவருடைய செய்திக்குக் காத்திருங்கள்.

2. குடும்பத்தில் ஒருவர் மட்டுமே தொடர்பாளராக இருக்கட்டும். பத்துப் பேர் நலம் விசாரித்தால் கைப்பேசியின் மின்கலம் தீர்ந்துவிடும்.

3. கிடைத்த விவரத்தைக் காவல்துறைக்குத் தெரிவியுங்கள். நம் நாட்டில் 999.

4. படையினரின் நடமாட்டத்தைப் படம் எடுத்துப் பகிராதீர்கள். "இன்னார் இத்தனையாம் அறையில் இருக்கிறார், வேண்டிக் கொள்ளுங்கள்" என்று எழுதாதீர்கள். வேண்டுதலுக்கு அறை எண் தேவையில்லை.

ஓர் ஆசிரியன் என்ற முறையில் இறுதியாக ஒன்று. நம் பள்ளிகளில் தீயணைப்புப் பயிற்சி நடத்துகிறோம். மணி அடித்ததும் மாணவர்கள் வரிசையாகத் திடலுக்கு வந்து நிற்பார்கள். பெயரைக் கூப்பிட்டால் உரக்கப் பதில் சொல்வார்கள். பதுங்கும் பயிற்சியோ இதற்கு நேர் எதிரானது. அங்கே திடலுக்கு ஓடக் கூடாது. பெயரைக் கூப்பிட்டாலும் பதில் சொல்லக் கூடாது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை, அச்சுறுத்தாமல், விளையாட்டுப் போல நம் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க முடியும். கதவை மூடி, விளக்கை அணைத்து, ஐந்து நிமிடம் ஒலியின்றி அமர்ந்திருக்கும் ஆட்டத்தை முதலாம் ஆண்டு மாணவரும் விரும்பி ஆடுவர்.

பெற்றோருக்கும் பயிற்சி தேவை. வகுப்புப் புலனக் குழுவில் "எனக்கு வந்ததை அப்படியே அனுப்புகிறேன்" என்ற முன்னுரையோடு வந்து விழும் செய்திகளை நாம் அறிவோம். சாதாரண நாளில் அது வெறும் தொல்லை. பள்ளியோ விடுதியோ முற்றுகைக்கு உள்ளான நாளில் அதே பழக்கம் ஓர் உயிரைப் பறிக்கலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கினால் என்ன? ஆபத்து வேளையில் குழுவில் யார் எழுதலாம், எதை எழுதக் கூடாது என்று அமைதியான நாளிலேயே முடிவு செய்து வைக்கலாமே.

சிந்திப்போம், செயற்படுவோம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியன்