17 வயதோடு முடிந்துவிடுகிற பந்தயம்

செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். அதையொட்டி தமிழ்நாட்டின் மாவட்டங்களில் வருஷா வருஷம் ஒரு சைக்கிள் பந்தயம் நடக்கும். நடத்துவது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று மூன்று பிரிவுகள். முதல் பிரிவில் பையன்களுக்கு 15 கிலோமீட்டர், பெண்களுக்கு 10. மற்ற இரண்டிலும் பையன்களுக்கு 20, பெண்களுக்கு 15. கியர் வைத்த வெளிநாட்டு சைக்கிளுக்கு இடமில்லை. பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிப் போகிற அதே சாதாரண சைக்கிள்தான். 2019 நவம்பரில் காஞ்சிபுரத்தில் இருந்து பிரிந்து தனி மாவட்டமான செங்கல்பட்டிலும் இது உண்டு.

நல்ல பந்தயம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரே ஒரு கேள்விதான். அந்தப் பையனுக்கு 18 வயது ஆனதும் என்ன ஆகிறான்?

ஒன்றும் ஆவதில்லை. சைக்கிளை மூலையில் சாத்திவிட்டு காலேஜுக்குப் போகிறான். அப்புறம் வேலை, பைக், கல்யாணம், இ.எம்.ஐ. பத்தாயிரத்தில் ஒருவன் மட்டும் மாநில அணி, தேசியப் போட்டி என்று போவான். மீதிப் பேர் கதை அதோடு சரி.

கதை உண்மையில் அதோடு முடிவதில்லை என்பதுதான் சுவாரசியம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு ஈசிஆர் பக்கம் போய்ப் பாருங்கள். முட்டுக்காடு பாலம் தாண்டி, கோவளம், திருவிடந்தை, வடநெம்மேலி முதலைப் பண்ணை என்று மாமல்லபுரம் வரைக்கும் ஹெல்மெட் போட்ட கூட்டம் கூட்டமாக சைக்கிள்கள். அதில் இருபது வயதுக்காரர்கள் பாதிதான். மீதி பேர் முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள். தொப்பை இருக்கும், முன் மண்டையில் முடி இருக்காது. ஆனால் ஹேண்டில்பாரைப் பிடிக்கிற விதத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இவர் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டியவர் என்று.

இந்தத் திரும்பி வருகிறவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. புதிதாக ஆரம்பிக்கிறவர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விட்டுவிட்டுத் திரும்புகிறவர் தனி ஜாதி. இவருக்கு எல்லாம் தெரியும், அதுதான் இவருடைய பிரச்சினையே.

முதலில் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பயிற்சியை நிறுத்தினால் தகுதி எவ்வளவு வேகமாகப் போகும் என்று 1984ல் எட்வர்ட் காய்ல் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் குழுவினரும் அளந்து பார்த்தார்கள். நன்றாகப் பயிற்சி எடுத்தவர்களை 84 நாட்கள் சும்மா இருக்கச் சொன்னார்கள். உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்ற அளவு முதல் மூன்று வாரத்திலேயே 7 சதவீதம் குறைந்தது. எட்டு வாரத்தில் 16 சதவீதம். ரத்தத்தில் இருக்கும் நீர் அளவு குறைவதால் இதயம் ஒரு துடிப்பில் தள்ளுகிற ரத்தம் குறைகிறது. முதலில் விழுவது அதுதான். ஆனால் தசைகளுக்குள் ஓடுகிற நுண் ரத்தக் குழாய்கள் அந்த 84 நாளில் குறையவே இல்லை. அதாவது உடம்பு எல்லாவற்றையும் ஒரே நாளில் தொலைத்துவிடுவதில்லை.

இது மூன்று மாதக் கணக்கு. பதினைந்து வருஷம் விட்டவருக்கு? அங்கே வயதும் சேர்ந்துகொள்கிறது. சும்மா இருப்பவருக்கு பத்து வருஷத்துக்கு சுமார் 10 சதவீதம் அந்த ஆக்சிஜன் அளவு குறையும். தொடர்ந்து பயிற்சி செய்கிறவருக்கு அதில் பாதி அளவுக்குக் குறையலாம். ஆக, விட்டுவிட்டு வந்தவர் பழைய இடத்துக்கு அப்படியே போக முடியாது. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும் சம வயதுக்காரரை விட வெகு தூரம் முன்னால் போகலாம். இதைப் புரிந்துகொள்வதில்தான் எல்லாமே இருக்கிறது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், மூச்சும் தசையும் சில வாரங்களில் திரும்பிவிடும். தசைநார்களும் மூட்டும் அவ்வளவு சீக்கிரம் திரும்பாது. மனசோ முதல் நாளே திரும்பிவிடும். :-) கல்லூரி நாளில் மணிக்கு 35 கிலோமீட்டர் ஓட்டிய ஞாபகம் அப்படியே பசுமையாக இருக்கும். இரண்டாவது மாதமே அதை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார். மூன்றாவது மாதம் முழங்கால் வீங்கும். நாலாவது மாதம் சைக்கிள் மறுபடியும் மூலைக்குப் போகும், இந்த முறை நிரந்தரமாக. இன்னொன்றும் உண்டு. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களை விட சில வருஷம் முன்னதாகவே வருகிறது என்பது பல நாடுகளில் எடுத்த ஆய்வுகளில் தெரிந்த விஷயம். நாற்பதைத் தாண்டியவர் பந்தய வேகத்துக்குப் போகும் முன் டாக்டரிடம் ஒரு முறை காட்டிக்கொள்வது கோழைத்தனம் ஆகாது.

ஈசிஆர் வேறு இந்தத் தப்புக் கணக்குக்கு நன்றாக உதவி செய்யும். மேடு பள்ளமே இல்லாத சாலை. முட்டுக்காடு பாலத்தைத்தான் ஏற்றம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்! அங்கே மலை ஏற்றத்தின் வேலையைக் காற்றுதான் செய்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் அக்டோபர், நவம்பர், டிசம்பரில் சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினால் காற்று முதுகில். மாமல்லபுரம் போய்ச் சேரும்போது, அட, பழைய வேகம் வந்துவிட்டதே என்று தோன்றும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும். கோடையில் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினால் கடற்காற்று வெயிலோடு சேர்ந்துகொள்ளும். கூட்டத்தோடு போகிறவருக்கோ இன்னொரு ஏமாற்று. முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனால் உழைப்பில் கால் பங்குக்கு மேல் மிச்சம். அப்படி வந்த வேகம் தன்னுடைய வேகம் என்று நம்பிவிடுவது மனித இயல்பு. ஸ்ட்ராவாவில் வருகிற நம்பருக்கு காற்றும் தெரியாது, முன்னால் போனவரின் முதுகும் தெரியாது.

சரி, திரும்பி வந்தவர் எங்கே பந்தயம் ஓட்டுவது?

இருக்கிற வழிகளைப் பார்ப்போம். மெட்ராஸ் ரேண்டனர்ஸ் நடத்துகிற பிரெவே ஓட்டங்கள் உண்டு. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்தில் முடிக்க வேண்டும், 600 என்றால் 40 மணி நேரம். அருமையான விஷயம், ஆனால் அது பந்தயம் இல்லை. முதலில் வந்தவர், கடைசியில் வந்தவர் என்று அங்கே தரவரிசை கிடையாது. அதற்கு அடுத்து எச்.சி.எல். சைக்ளோதான் போன்ற பெரிய நிகழ்ச்சிகள். 2023லும் 2024லும் ஈசிஆரில் சாலையை மூடி நடத்தினார்கள், அமெச்சூர்களுக்கும் இடம் இருந்தது. ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் வருகிற திருவிழா அது. திருவிழாவை நம்பி யாரும் தினமும் சமைப்பதில்லை. மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் சைக்கிள் தடம் இருக்கிறது, 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அங்கே பிள்ளைகள் பதக்கம் வாங்கினார்கள். அதுவும் இளைஞர்களுக்குத்தான்.

மிச்சம் இருப்பது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அறிவிக்கப்படாத பந்தயம் அங்கே வாரா வாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. லாரி, அரசு பஸ், பாண்டிச்சேரிக்குப் பறக்கும் கார் எல்லாவற்றுக்கும் நடுவே, மார்ஷல் இல்லாமல், ஆம்புலன்ஸ் இல்லாமல். கோடு போட்டு நடத்தாத பந்தயம் நின்றுவிடுவதில்லை. ஆபத்தான இடத்தில் நடக்கிறது, அவ்வளவுதான்.

இங்கேதான் இங்கிலாந்துக்காரர்களிடம் ஒரு நல்ல பாடம் இருக்கிறது. 1890களில் அங்கேயும் இதே தலைவலி. கூட்டமாக ஓட்டிய சைக்கிள்காரர்களால் 1894ல் ஒரு குதிரை வண்டி மிரண்டு கலாட்டா ஆனது. சாலையில் பந்தயம் வேண்டாம் என்று சைக்கிள் சங்கமே சொல்லிவிட்டது. பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். 1895ல் 50 மைல் பந்தயம் ஒன்றை வேறு மாதிரி நடத்தினார். ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டுக் கிளப்பிவிடுவது. யாரும் யார் முதுகிலும் ஒட்டக் கூடாது. விடிகாலையில், கண்ணில் படாத கறுப்பு உடையில். ஜெயிப்பது கடிகாரத்தைப் பார்த்து. கூட்டம் இல்லாததால் சாலையில் போகிறவர்களுக்குத் தொந்தரவும் இல்லை. இன்றைக்கும் அங்கே ஊருக்கு ஊர் கிளப்புகள் வாரத்தில் ஒரு சாயங்காலம் 10 மைல் பந்தயத்தை இப்படித்தான் நடத்துகின்றன.

அதோடு விடவில்லை. 1943ல் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வயதுக்கும், ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு தரநேரம். 45 வயதுக்காரர் தன் தரநேரத்தை இரண்டு நிமிஷத்தில் மிஞ்சி, 60 வயதுக்காரர் தன்னுடையதை மூன்று நிமிஷத்தில் மிஞ்சினால், அறுபதுதான் ஜெயித்தது. திரும்பி வருகிறவருக்கு இதை விட மருந்து எதுவும் கிடையாது. இருபது வயதில் இருந்த தன்னோடு போட்டி போட வேண்டியதில்லை. இன்றைய வயதோடு போட்டி போட்டால் போதும்.

இதை இங்கே செய்ய முடியாதா? செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் ஏறக்குறைய 14 கிலோமீட்டர். அங்கிருந்து மாமல்லபுரம் கிட்டத்தட்ட இன்னொரு அவ்வளவு. 10 மைல் என்பது 16 கிலோமீட்டர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு, காலை 5.45ல் இருந்து 7.15 வரை. நிமிஷத்துக்கு ஒருவர் என்றால் 60 பேர் ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம். முழுச் சாலையையும் மூட வேண்டாம். திருப்பங்களில் போலீஸ் இரண்டு பேர், ஒரு ஆம்புலன்ஸ், கோடு போட சுண்ணாம்பு, இரண்டு கடிகாரம். 2022ல் 180க்கும் மேற்பட்ட நாடுகளை மாமல்லபுரத்துக்கு வரவழைத்து செஸ் ஒலிம்பியாட் நடத்திக் காட்டிய அரசாங்கத்துக்கு இது ஒரு வேலையா?

"வயசான காலத்துல இதெல்லாம் எதுக்கு, இருக்கிற காசைப் பசங்களுக்குச் செலவு பண்ணலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் அதே விளையாட்டு ஆணையம் அண்ணா பெயரில் நெடுந்தூர ஓட்டப் போட்டியும் நடத்துகிறது. அதில் 25 வயதுக்கு மேற்பட்டோர் என்று தனிப் பிரிவே வைத்திருக்கிறார்கள், ஆண்களுக்கு 10 கிலோமீட்டர், பெண்களுக்கு 5. ஓடுகிறவருக்கு 40 வயதில் இடம் உண்டு, சைக்கிள் ஓட்டுகிறவருக்கு 17க்கு மேல் இடம் இல்லை என்றால் அது என்ன கணக்கு? அப்பா பந்தயம் ஓட்டுகிற வீட்டில் பிள்ளை சைக்கிளை மூலையில் சாத்தாது என்பதையும் யோசிக்க வேண்டும். அம்மா ஓட்டினால் இன்னும் நல்லது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்ற மாநிலம் இது. அரசே பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கிற மாநிலமும் இதுதான்.

பிரான்ஸில் ரொபேர் மார்ஷான் என்று ஒருவர் இருந்தார். 1911ல் பிறந்தவர். இளம் வயதில் பந்தயம் ஓட்ட ஆசைப்பட்டபோது, ஆள் ரொம்பக் குள்ளம், தேறமாட்டாய் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தீயணைப்பு வீரர், லாரி டிரைவர், மரம் வெட்டுபவர் என்று என்னென்னவோ வேலை பார்த்தார். 67 வயது வாக்கில் மறுபடி சைக்கிளுக்கு வந்தார். 2012ல், நூறு வயதில், ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீட்டர். இரண்டு வருஷம் பயிற்சி எடுத்து 2014ல் 26.927 கிலோமீட்டர். 101 வயதிலிருந்து 103 வயதுக்குள் அவருடைய ஆக்சிஜன் அளவு 13 சதவீதம் கூடியிருந்தது என்று விஞ்ஞானிகள் அளந்து எழுதினார்கள். 2017ல் 105 வயதில் 22.547 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, பத்து நிமிஷம் பாக்கி என்று காட்டிய அட்டையைக் கவனிக்கவில்லை, பார்த்திருந்தால் இன்னும் வேகமாகப் போயிருப்பேன் என்று வருத்தப்பட்டாராம்! 2021ல் 109 வயதில் காலமானார்.

அவருக்காக புதிதாக ஒரு வயதுப் பிரிவையே உலக சைக்கிள் சங்கம் உண்டாக்கியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம். ஆள் வந்தார், பிரிவு பிறந்தது. இங்கே ஆட்கள் எப்போதோ வந்துவிட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அடுத்த செப்டம்பரில் 17 வயதுப் பிரிவுக்குக் கீழே இன்னும் மூன்று வரி சேர்த்தால் போதும். 35க்கு மேல், 45க்கு மேல், 55க்கு மேல். சாதாரண சைக்கிள், 16 கிலோமீட்டர், ஒருவர் பின் ஒருவராக. பரிசுப் பணம்கூட வேண்டாம். ஒரு கோடும் ஒரு கடிகாரமும் போதும்.