நீங்கள் கேட்டவை: ஆயிரம் மனுவா... 281 ஓட்டா?

''வாய்க்கால் தூர்வாரக் கோரி, மொடக்குறிச்சியில் செய்ததுபோல நூற்றுக்கணக்கில் வேட்புமனு போடலாமா?''
- வாசகர், திருப்பூர் மாவட்டம்.

''1996 சட்டமன்றத் தேர்தலில், தங்கள் கோரிக்கைகளை யாரும் கண்டுகொள்ளவில்லை என்று விவசாயிகள் திரண்டு மனு செய்ததால், மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்றார்கள். வாக்குச்சீட்டே புத்தகமானது, தேர்தலும் தள்ளிப்போனது. நாடே திரும்பிப் பார்த்தது. ஆனால், வென்றவர் தி.மு.க-வின் சுப்புலட்சுமி ஜெகதீசன். 1977-ல் அதே தொகுதியில் அ.தி.மு.க சார்பில் வென்று, எம்.ஜி.ஆர் அமைச்சரவையிலும் இருந்தவர் அவர்.

அந்தத் தேர்தலுக்குப் பிறகு, 250 ரூபாயாக இருந்த டெபாசிட் 5,000 ஆனது. இப்போது 10,000 ரூபாய். பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 5,000. செல்லுபடியான ஓட்டுகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் திரும்பாது. பொதுப்பிரிவில் நூறு பேர் நின்றால் 10 லட்சம் ரூபாய். அந்தப் பணத்தில் வாய்க்காலையே தூர்வாரலாம்.

2021-ல் அதே மொடக்குறிச்சியில் சுப்புலட்சுமி தோற்றது வெறும் 281 ஓட்டில். ஒரு வாய்க்காலின் பாசனதாரர்கள் குடும்பத்தோடு சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். அதனால், கோரிக்கையை எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, ஓட்டுக் கேட்டு வருகிற ஒவ்வொரு வேட்பாளரிடமும் கொடுங்கள். ஊர் முன்னிலையில் பதில் சொல்ல வையுங்கள். வென்றவரிடம் அதே தாளோடு மறுபடியும் போங்கள்.''