பீரோவுக்குள் வைத்தால் பத்திரமா?

போன மே மாதம் பேரன் வந்திருந்தபோது, பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் டின்னை இறக்கினேன். உள்ளே இரண்டு கையடக்க வீடியோ கேம் பெட்டிகள். ஒன்று சேகா கம்பெனியின் கேம் கியர். இன்னொன்று நின்டெண்டோவின் கேம் பாய். 1994ஆம் வருஷம் பிரான்சிலிருந்து லீவில் வந்த என் அண்ணன் பிள்ளைகள் என் மகனுக்கு விட்டுப்போனவை. அண்ணன் சொல்தா. வரும்போதெல்லாம் சீஸும் சாக்லேட்டும் தவிர இப்படி ஏதாவது ஒன்று வரும்.

மகன் காலேஜ் போனதும் நான்தான் அவற்றைத் துணியில் சுற்றி, அந்துருண்டை போட்டு, டின்னில் அடைத்து வைத்தேன். செல்களைக் கழற்ற மறக்கவில்லை. ஆபீசில் சில வருஷம் ரிக்கார்டு ரூம் என் பொறுப்பில் இருந்தது. அதனால் பத்திரமாக வைப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

கேம் கியருக்கு ஆறு செல் வேண்டும். புதிதாக வாங்கிப் போட்டேன். திரை மங்கலாக ஒருமுறை விழித்துப் பார்த்துவிட்டு அணைந்தது. சத்தமே இல்லை. தெருமுனையில் செல்போன் ரிப்பேர் செய்யும் தம்பியிடம் கொண்டுபோனேன். ஸ்குரூக்களைக் கழற்றி மூடியைத் தூக்கினார். மீன் வாடை! புதுச்சேரிக்காரனுக்கு அந்த வாடையை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

"கண்டென்சர் கசிஞ்சிருக்கு சார்" என்றார்.

நம் வீட்டு மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் மாற்றுவோமே, அந்தக் கண்டென்சரின் ஒன்றுவிட்ட தம்பி இது. அரிசிப்பொரி அளவு இருக்கும். உள்ளே ஒரு திரவம். 1990ஐ ஒட்டிய வருஷங்களில் வந்த இந்தச் சின்ன ரகக் கண்டென்சர்கள் பலவற்றில் அடிப்பக்க அடைப்பு நாளடைவில் விட்டுப்போய், திரவம் கசிந்து, பலகையில் இருக்கும் செம்புக் கோடுகளைத் தின்றுவிடுகிறது. கேம் கியருக்கு இது பிறவி நோய். உலகம் முழுவதும் எங்கே எடுத்தாலும் இதே கதை, முதலில் சத்தம் குறையும், பிறகு திரை மங்கும். இங்கே கடற்காற்றும் சேர்ந்துகொள்கிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். விளையாடினாலும் கசியும், விளையாடாவிட்டாலும் கசியும். ஆனால் அவ்வப்போது எடுத்து விளையாடுகிறவனுக்குச் சத்தம் குறைந்தது உடனே தெரிந்திருக்கும். அப்போதே சில நூறு ரூபாய் செலவில் எல்லாக் கண்டென்சரையும் மாற்றியிருக்கலாம். நானோ பத்திரமாக வைத்திருந்தேன்.

ரிக்கார்டு ரூமிலும் இதைத்தான் பார்த்தேன். தினம் கேட்டு வாங்கிப் புரட்டிய பைல்கள் ஓரம் கிழிந்தாலும் இருந்தன. சிவப்புத் துணியில் இறுகக் கட்டி, யாரும் தொடக்கூடாது என்று மேலே ஏற்றிய கட்டுகளைப் பிரித்தபோது கறையான் மண்தான் கொட்டியது. பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பழைய விளையாட்டுப் பெட்டிகளைச் சேகரிப்பவர்களில் ஒரு சாரார், கம்பெனி போட்ட பாகத்தில் கைவைக்கக்கூடாது, வைத்தால் அசல் தன்மை போய்விடும் என்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. என் வலது கண்ணில் இருப்பது பிளாஸ்டிக் லென்ஸ். அதற்காக நான் போலி ஆளாகிவிடவில்லை. பென்ஷன் ஆபீசிலும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. கசிகிற கண்டென்சரை அசல் என்று போற்றினால் அது பலகையையும் சேர்த்துத் தின்னும்.

கண்டென்சர் இன்றும் கிடைக்கிறது. கிடைக்காதது, அந்தந்தப் பெட்டிக்கென்றே செய்த சில்லுகள். நின்டெண்டோ 1983இல் ஜப்பானில் வெளியிட்ட பெமிகாம் பெட்டியை அந்தக் கம்பெனியே 2007 அக்டோபரோடு ரிப்பேர் செய்வதை நிறுத்திக்கொண்டது. காரணம், பாகம் இல்லை. அதற்குப் பிறகு ஒரு பெட்டியைப் பிரித்துத்தான் இன்னொன்றைப் பிழைக்கவைக்க வேண்டும். குறுந்தகடு போட்டு ஆடும் பெட்டிகள் இன்னும் மோசம். லேசர் கண் தேய்ந்துபோகும். முதல் பிளேஸ்டேஷனைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து ஆடியதை என் அண்ணன் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

கேம் பாய் கதை வேறு. திரையில் நெடுக்காகச் சில கோடுகள் விட்டுப்போயிருந்தன. தம்பி சால்டரிங் அயர்னால் திரையின் கீழ்விளிம்பை இதமாகச் சூடு காட்டியதும் கோடுகள் திரும்ப வந்தன. பேரன் கைதட்டினான். செல்டா வரிசையில் 1993இல் வந்த விளையாட்டு ஒன்று அதோடு இருந்தது. தீவு ஒன்றில் கரையொதுங்கிய பையன், மலையுச்சியில் பெரிய முட்டைக்குள் தூங்கும் மீனை எழுப்ப வேண்டும். பிரான்சில் வாங்கியதால் வசனம் முழுக்கப் பிரெஞ்சில். என் மகன் படித்தது இங்கிலீஷ் மீடியம். ஆகவே ஆந்தை பேசினாலும் கிழவி பேசினாலும் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்ல வேண்டும். ஆபீஸ் விட்டு வந்து கால் கழுவுவதற்குள் கூப்பிட்டுவிடுவான். நான் படித்த பிரெஞ்சு அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அவசரமாக யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

அந்த ஆட்டம் அவன் பெயரில் பதிவாகியிருந்தது. திறந்து பார்த்தேன். பெயர் இல்லை, மூன்று இடமும் காலி.

ஆடிய ஆட்டத்தை நினைவில் வைக்கும் சில்லுக்கு எப்போதும் கொஞ்சம் மின்சாரம் வேண்டுமாம். அதற்காகக் கேசட்டுக்குள்ளேயே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரியை வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். பதினைந்து இருபது வருஷம் தாங்கலாம். தீர்ந்தால் எல்லாம் அழிந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே பதிவைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க இப்போது கருவி உண்டு. செல்களைக் கழற்றியது சரி, உள்ளே இன்னொன்று இருப்பது எனக்குத் தெரியாது.

பிரான்சில் அச்சாகும் புத்தகத்தில் ஒரு பிரதியை அரசுக்குக் கொடுக்கவேண்டும் என்ற சட்டம் 1537இல் முதலாம் பிரான்சுவா போட்டது. 'தெபோ லெகால்' என்போம். 1992இல் அது வீடியோ கேமுக்கும் வந்தது. பாரிஸ் தேசிய நூலகத்தில் விளையாட்டோடு அதை ஓட்டும் பெட்டிகளையும் வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் எந்த நூலகமும் கடையிலிருந்து வந்த கேசட்டைத்தான் வைக்கும். ஒரு பையன் ஆடி முடிக்காமல் விட்ட ஆட்டம் அவன் வீட்டில் மட்டும்தான் இருக்கும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் வீட்டு மேல்தட்டில் இப்படி ஒன்று இருந்தால் இந்த வாரமே இறக்குங்கள். ரிப்பேர்காரரிடம், பேட்டரியை எடுப்பதற்கு முன் பதிவை நகல் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எடுத்தபின் கேட்டுப் பயனில்லை.

தம்பி புதுப் பேட்டரி வைத்துக்கொடுத்தார். கேம் கியரில் பலகை அரித்த இடங்களுக்கு ஒயர் போட்டுப் பார்ப்பதாகச் சொல்லி வாங்கிவைத்திருக்கிறார். அன்றிரவு மகனுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"பரவால்லப்பா" என்றான். கொஞ்சம் பொறுத்து, "நாம அந்தக் கழுகுக் கோபுரத்துல நின்னுட்டோம்ல? பரீட்சை வந்துடுச்சு" என்றான்.

எனக்கு அது ஞாபகமில்லை. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, ஆந்தை என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தான்.